இரண்டு கம்பி தொட்டால் ஒரு படம்! கேமராவைத் தொடாமலே ‘க்ளிக்’ அடிக்கும் வித்தை தெரியுமா?

ஆயிரக்கணக்கான வெள்ளி கொட்டிக் கொடுத்து வாங்கும் கேமரா. அதன் ஷட்டர் பொத்தானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது தெரியுமா? இரண்டே இரண்டு கம்பி! தொட்டுக்கொண்டால் படம் விழும், தொடாவிட்டால் விழாது. நம்ப முடியவில்லையா? கேமராவின் பக்கவாட்டில் இருக்கும் ரப்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். பல கேமராக்களில் அங்கே சின்னதாக ஒரு துளை இருக்கும். இயர்போன் துளை மாதிரி தெரியும், ஆனால் அதைவிடச் சிறியது. அகலம் 2.5 மில்லிமீட்டர். இயர்போன் பின் 3.5 என்பதால் அது இதற்குள் நுழையவே நுழையாது.

கேனான் கம்பெனியின் சிறிய ரகக் கேமராக்களுக்கு ஆர்எஸ்-60இ3 என்று ஒரு ஒயர் ரிமோட் உண்டு. அதன் பின்னை உற்றுப் பாருங்கள்: நுனி, நடு வளையம், அடி என்று மூன்று துண்டு. நடு வளையமும் அடியும் தொட்டால் கேமரா ஃபோகஸ் பிடிக்கும். நுனியும் அடியும் தொட்டால் ஷட்டர் திறக்கும். முழு ரகசியமும் இவ்வளவுதான்! அந்த ஒயரை நடுவில் வெட்டி, உள்ளிருக்கும் கம்பி நுனிகளை விரலால் சேர்த்துப் பிடித்தாலே கேமரா படம் எடுக்கும். விரல் செய்யும் அந்த வேலையை ரேடியோ அலையிடம் ஒப்படைத்துவிட்டால்? ஒயர் ரிமோட் அன்றைக்கே ஒயர் இல்லாத ரிமோட் ஆகிவிடும்!

இப்படி ஒரு ரிமோட்டை வைத்து இரவுப் படம் எடுக்கச் சிங்கப்பூரில் கேலாங்கைவிட நல்ல இடம் உண்டா என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரிந்து இல்லை. கேலாங் சாலையும் அதன் பக்கத்திலேயே ஓடும் சிம்ஸ் அவென்யூவும் ஒருவழிச் சாலைகள், எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது தெரியுமா? இரவில் ட்ரைபாடு வைத்து, ஷட்டரைப் பத்து பதினைந்து வினாடி திறந்து வைத்துப் படம் எடுத்தால், வண்டிகள் மறைந்து விளக்குகள் மட்டும் கோடுகளாக ஓடும் அல்லவா? இருவழிச் சாலைகளில் சிவப்பும் வெள்ளையும் கலந்துதான் விழும். கேலாங் சாலையில் வண்டிகள் போகும் திசையைப் பார்த்து நின்றால் பின்விளக்குகளின் சிவப்பு மட்டுமே ஆறாக ஓடும். அப்படியே திரும்பி நின்றால் முழுக்க வெள்ளை! ஒரே இடத்தில், ஒரே இரவில், இரண்டு நிறத்தில் இரண்டு நதி. இரு பக்கமும் பழைய கடைவீடுகள், ஒரு பக்கம் ஒற்றைப்படை எண் போட்ட லோரோங் சந்துகள், எதிர்ப்பக்கம் இரட்டைப்படை லோரோங்குகள், நடுநடுவே டுரியான் கடை வெளிச்சம். கேலாங் சிராயில் நோன்பு மாதச் சந்தை களைகட்டும்போது கேட்கவே வேண்டாம்.

ஆனால் பத்து வினாடிப் படத்தில் விரல் பட்டாலே போச்சு. பொத்தானை எவ்வளவு மெதுவாக அமுக்கினாலும் கேமரா மயிரிழை அசையும். கடைவீட்டு ஜன்னல் கம்பிகள் இரட்டையாகத் தெரியும். மேம்பாலத்தில் நின்றால் இன்னும் மோசம். நாம் ஒரு அடி எடுத்து வைத்தால் பாலமே லேசாக அதிரும். கேமராவை ஓரத்தூணை ஒட்டி நிறுத்திவிட்டு, சில அடி தள்ளி அசையாமல் நின்று, கையிலிருக்கும் ரிமோட்டை அமுக்குவதுதான் வழி. கேமராவின் உள்ளேயே இரண்டு வினாடி டைமர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அசைவை அது தவிர்க்கும். ஆனால் பேருந்து படச்சட்டத்துக்குள் நுழையும் அந்தக் கணத்தை டைமர் பிடித்துக் கொடுக்காது.

அப்படியே கொஞ்சம் நடந்தால் கேலாங் ஈஸ்ட் அவென்யூ 2ல் ஸ்ரீ சிவன் கோயில். ஆர்ச்சர்ட் சாலைப் பகுதியில் இருந்த கோயில், எம்ஆர்டி ரயில் கட்டுமானத்துக்காக இடம்பெயர்ந்து, 1993ல் இங்கே குடமுழுக்குக் கண்டது. எண்கோண அமைப்பில் எழும்பிய கோயில் இது. சிவராத்திரி இரவு அங்கே எத்தனை மணிக்குப் போனாலும் கூட்டம். கோயில் அலுவலகத்தில் அனுமதி வாங்கி, கேமராவை ஒரு மூலையில் உயரத்தில் நிறுத்திவிட்டு, நீங்கள் வரிசையில் நின்று கும்பிட்டுக்கொண்டே, சட்டைப்பையிலிருக்கும் ரிமோட்டால் படம் எடுக்கலாம். கேமராவுக்குப் பின்னால் ஆள் நிற்காதபோது யாரும் நிமிர்ந்து உட்காருவதில்லை, சிரிப்பை வரவழைப்பதில்லை. பக்தி பக்தியாகவே படத்தில் விழுகிறது. இந்த ஒன்றுக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்பேன்.

சரி, இந்த ரிமோட்டைச் செய்யச் சாமான் எங்கே கிடைக்கும்? அல்ஜுனிட் நிலையத்தில் ரயில் ஏறினால் காலாங், லெவெண்டர், அடுத்தது பூகிஸ். இறங்கி நடந்தால் ஜாலான் புசார் முனையில் சிம் லிம் டவர். பக்கத்திலிருக்கும் சிம் லிம் ஸ்குவேரோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே கம்ப்யூட்டரும் செல்பேசியும். டவரில்தான் ரெசிஸ்டர், ரிலே, ஐசி, சுவிட்ச், ஒயர், சால்டரிங் அயர்ன் எல்லாம். தேக்காவிலிருந்து பொடிநடை! ஒரு காலத்தில் இதே வட்டாரத்தில் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையும் இருந்தது. தரையில் விரித்த துணியில் பழைய கேமரா, பழைய ரேடியோ, எதற்கென்றே தெரியாத ரிமோட்டுகள். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அது மூடப்பட்டது. கழற்றிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு அது பெரிய இழப்பு.

இனி ரிமோட்டைத் திறந்து பார்ப்போமா? முதலில் கேமராவிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் கூட்டின் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினால் இரண்டாகப் பிளக்கும். சில ரகங்களில் ஒரு குட்டி ஸ்க்ரூவும் இருக்கும். உள்ளே? சர்க்யூட் பலகையே இல்லாத ரிமோட்டுகளும் உண்டு தெரியுமா! மலிவு விலை ஒயர் ரிமோட்டுகளில் இருப்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று மெல்லிய உலோகத் தகடுகள். பொத்தானைப் பாதி அமுக்கினால் மேல் தகடு வளைந்து நடுத்தகட்டைத் தொடும்: ஃபோகஸ். முழுக்க அமுக்கினால் இரண்டும் சேர்ந்து கீழ்த்தகட்டில் உட்காரும்: ஷட்டர். விரலுக்குத் தெரியும் அந்த ‘இரண்டு கட்ட’ அமுக்கல், இந்தத் தகடுகளின் வளைவுதான்! எந்தச் சிப்பும் இல்லை, பேட்டரியும் இல்லை. மின்சாரம் கேமராவே கொடுப்பது, அதுவும் சில வோல்ட் மட்டும்.

தகடுகளிலிருந்து மூன்று ஒயர் கிளம்பும். நிறத்தை நம்பாதீர்கள்! சிவப்பு என்றால் ஷட்டர், வெள்ளை என்றால் ஃபோகஸ் என்று உலகப் பொதுவிதி எதுவும் கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டரை ‘பீப்’ ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பின்னின் நுனியிலும் மறுமுனையை ஒவ்வொரு ஒயரிலும் தொட்டுக் கண்டுபிடியுங்கள். இன்னொன்று. சில ஒயர்களுக்குள்ளே நூலிழையோடு சுற்றிய, பளபளவென்று வண்ணம் பூசிய மெல்லிய கம்பிகள் இருக்கும். அந்த வண்ணம் அழகுக்குப் பூசியதன்று, மின்சாரம் கசியாமல் இருக்கப் பூசிய மேல்பூச்சு. அதைச் சுரண்டாமல் சால்டரிங் வைத்தால் ஈயம் உருண்டு உருண்டு ஓடும், ஒட்டவே ஒட்டாது. அயர்ன் நுனியில் கொஞ்சம் ஈயத்தை உருக்கி, அதற்குள் கம்பி நுனியை நுழைத்துச் சில வினாடி வையுங்கள். மெல்லிய புகை வந்து, பூச்சு எரிந்து, கம்பி வெள்ளியாக மின்னும். அப்புறம் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது ரேடியோ. எதை வைத்துப் பலர் இந்த வேலையைச் செய்தார்கள் தெரியுமா? வீட்டு வாசலில் மாட்டும் ஒயர் இல்லாத அழைப்பு மணி! வாசல் பொத்தானை அமுக்கினால் உள்ளே ‘டிங் டாங்’ அடிக்கிறதே, அந்தப் பெட்டியின் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அங்கே வரும் மின்சாரத்தால் ஒரு டிரான்சிஸ்டரை இயக்கி, கேமராவின் இரண்டு கம்பியைச் சேர்த்துவிடுவது. மணி அடிக்க வேண்டிய இடத்தில் படம்!

சொல்லப்போனால் மணிக்கும் ரேடியோவுக்கும் உள்ள உறவு ரொம்பப் பழையது. 1890களின் நடுவில் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் என்ன செய்து காட்டினார் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத அலையை அனுப்பி, தூரத்தில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார்! நடுவில் சுவர் இருந்தது, அலை அதைக் கடந்து போனது. 1898ல் நிகோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு குட்டிப் படகை ஒயரே இல்லாமல் ஓட்டிக் காட்டினார். கேலாங் மேம்பாலத்தில் நம் சட்டைப்பையில் இருப்பது அந்தப் பரம்பரையின் பேரக்குழந்தை.

இப்போது அழைப்பு மணியை உடைக்க வேண்டியதில்லை. ஏ, பி, சி, டி என்று நான்கு பொத்தான் போட்ட சாவிக்கொத்து ரிமோட்டும், அதற்கு ஜோடியாகத் தபால்தலை அளவில் ஒரு ரிசீவர் பலகையும் சில வெள்ளிக்கே கிடைக்கின்றன. பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அனுப்பும் பக்கம் பிடி2262 என்ற சிப், வாங்கும் பக்கம் பிடி2272. நாலு பொத்தான் இருக்கிறதே, நமக்கு இரண்டு போதும்: ஏ ஃபோகஸுக்கு, பி ஷட்டருக்கு.

இந்தச் சிப்புகளின் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டு முகவரிக் கால்கள். ஒவ்வொரு காலையும் பாசிடிவில் ஒட்டலாம், நெகடிவில் ஒட்டலாம், ஒட்டாமல் சும்மாவும் விடலாம். ஆக ஒரு காலுக்கு மூன்று நிலை. எட்டுக் காலுக்கு? 6,561 முகவரிகள்! இரண்டு பக்கமும் ஒரே முகவரி இருந்தால்தான் வேலை நடக்கும். ஆனால் கடையில் வாங்கும்போது பெரும்பாலும் எல்லாக் கால்களும் சும்மா விடப்பட்டே வருகின்றன. கேலாங் மாதிரி வீட்டுக்கு வீடு ஒட்டி நிற்கும் இடத்தில் இதே அலைவரிசையில் தானியங்கிக் கதவு ரிமோட்டுகளும் ஓடும். யாரோ கதவைத் திறக்க, உங்கள் கேமரா படம் எடுத்துவிடக்கூடாது! ஆகவே இரண்டு பலகையிலும் ஒரே காலில் ஒரு சொட்டு ஈயம் வைத்து முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை.

அதோடு, வாங்கும் பக்கச் சிப் ஒரு தடவை கேட்ட செய்தியை நம்புவதில்லை. ஒரே குறியீடு அடுத்தடுத்து இரண்டு தடவை சரியாக வந்தால்தான் ‘சரி, இது நிஜம்’ என்று வாயிலைத் திறக்கும். அதனால் நீங்கள் அமுக்குவதற்கும் ஷட்டருக்கும் நடுவே பத்தில் ஒரு வினாடி அளவுக்குத் தாமதம் வரும். அலையின் வேகத்தைக் குறை சொல்லாதீர்கள். நூறு மீட்டரைக் கடக்க ரேடியோ அலைக்கு ஒரு மைக்ரோ வினாடியில் மூன்றில் ஒரு பங்கே போதும்.

ஆண்டெனா விஷயத்திலும் ஒரு ஆச்சரியம். ரிசீவர் பலகையில் ஒரு ஓட்டைக்குப் பக்கத்தில் ஆண்டெனாவுக்கான குறி இருக்கும், கம்பி இருக்காது. அங்கே 17.3 சென்டிமீட்டர் நீளச் சாதாரண ஒயர் ஒன்றைப் பற்றவைத்தால் போதும், எட்டும் தூரம் கூடிவிடும். ஏன் அந்த நீளம்? 433.92 மெகாஹெர்ட்ஸ் அலையின் முழு நீளம் சுமார் 69 சென்டிமீட்டர். அதில் கால்வாசி 17.3.

இனிதான் என் மனதுக்கு மிகப் பிடித்த பாகம்: ஆப்டோகப்ளர்! நான்கு கால் உள்ள, உளுந்து அளவுக் கறுப்புச் சில்லு. பிசி817 என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு பக்கம் குட்டி எல்இடி விளக்கு. எதிர்ப்பக்கம் அந்த வெளிச்சத்தை உணரும் டிரான்சிஸ்டர். ரிசீவர் பலகை விளக்கை ஏற்றுகிறது. எதிர்ப்பக்கம் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, கேமராவின் இரண்டு கம்பியைச் சேர்க்கிறது. நடுவில் ஒயர் தொடர்பே இல்லை, வெளிச்சம் மட்டும்தான் கடக்கிறது! 5,000 வோல்ட் வரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவாத அளவுக்கு அதற்குக் காப்பு உண்டு. ரிசீவர் பக்கம் என்ன கோளாறு நடந்தாலும் கேமரா பத்திரம். வெளிச்சத்தைப் பிடிக்கவென்றே பிறந்த கருவிக்கு உத்தரவும் வெளிச்சமாகவே போய்ச் சேர்வதைப் பாருங்கள்! ரிசீவரின் வெளியீட்டுக் காலுக்கும் ஆப்டோகப்ளருக்கும் நடுவில் ஒரு 1,000 ஓம் ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள். ஃபோகஸுக்கு ஒன்று, ஷட்டருக்கு ஒன்று என்று இரண்டு சில்லு.

ஒரு வேண்டுகோள்: பழைய தகட்டுப் பொத்தானைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். ஆப்டோகப்ளரை அதற்கு இணையாகவே பற்றவையுங்கள். ரேடியோ பேட்டரி தீர்ந்துபோனால் பழையபடி ஒயர் ரிமோட்டாக அது வேலை செய்யும்.

பேட்டரி என்றதும் ஞாபகம் வருகிறது. ரிசீவருக்கு வேண்டியது 5 வோல்ட்தானே, கையில் இருக்கும் பவர்பேங்க் போதுமே என்று தோன்றும். மாட்டிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும்! காரணம் என்ன தெரியுமா? ரிசீவர் குடிக்கும் மின்சாரம் அத்தனை சொற்பம். ‘யாரும் என்னைப் பயன்படுத்தவில்லை போலும்’ என்று பவர்பேங்க் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. மூன்று ஏஏஏ பேட்டரி போட்ட குட்டிப் பெட்டிதான் இதற்குத் தோது.

நைக்கான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. கேனானில் ஷட்டர் கம்பி மட்டும் தொட்டாலே பெரும்பாலும் படம் விழும். நைக்கானில் ஃபோகஸ் கம்பியும் சேர்ந்து தொட்டால்தான் ஷட்டர் அசையும். இதற்காக இரண்டு பொத்தானையும் ஒன்றாக அமுக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு சின்ன டயோடு போட்டு, ஷட்டரை அமுக்கும்போது ஃபோகஸும் கூடவே இழுபடும்படி செய்துவிடலாம். பானசோனிக் கதையோ வேறு. அதன் ரிமோட்டில் ரெசிஸ்டர்கள் வரிசையாக இருக்கும். எந்த அளவு மின்தடை வருகிறது என்று அளந்துதான் ‘பாதி அமுக்கல்’, ‘முழு அமுக்கல்’ என்று கேமரா புரிந்துகொள்கிறது.

இதே தந்திரம் உங்கள் செல்பேசி இயர்போனிலும் இருக்கிறது தெரியுமா? ஆண்ட்ராய்டு இயர்போனின் ஒலியைக் கூட்டும் பொத்தான், மைக் கம்பிக்கும் தரைக் கம்பிக்கும் நடுவே சுமார் 240 ஓம் ரெசிஸ்டரைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். பல செல்பேசிகளில் கேமரா திறந்திருக்கும்போது ஒலியைக் கூட்டினால் படம் விழும். ஆக, ஒயர் இயர்போன் வைத்திருக்கும் பலர் கையில் ஒரு ஷட்டர் ரிமோட் ஏற்கெனவே இருக்கிறது!

இன்னொரு விநோதம்: கேனானின் ஆர்சி-6 என்ற அகச்சிவப்பு ரிமோட். அது அனுப்புவது இரண்டே இரண்டு மினுக்கல். இரண்டுக்கும் நடுவே ஏழு மில்லிவினாடி இடைவெளி இருந்தால் ‘உடனே எடு’. ஐந்து மில்லிவினாடி இருந்தால் ‘இரண்டு வினாடி கழித்து எடு’. கண் இமைப்பதற்குள் காணாமல் போகும் அந்த வித்தியாசத்தைக் கேமரா அளக்கிறது! ஆனால் சிங்கப்பூர் வெயிலில் அகச்சிவப்பு திணறும், கேமராவின் முகத்துக்கு நேராக நிற்கவும் வேண்டும். ரேடியோவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

புளூடூத் ரிமோட்டுகளின் பின்னால் ஒரு சினிமா நடிகை இருக்கிறார் என்றால் நம்புவீர்களா? ஹெடி லாமார்! இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலுடன் சேர்ந்து, எதிரி குறுக்கிட முடியாதபடி அலைவரிசையை மாற்றி மாற்றித் தாவும் முறைக்கு 1942 ஆகஸ்ட் 11 அன்று காப்புரிமை வாங்கினார். புளூடூத்தும் தாவித் தாவித்தான் பேசுகிறது: அதன் மூல வடிவம் 79 தடங்களில், வினாடிக்கு 1,600 தாவல்!

கேமராவைத் தொடாமலே படம் எடுக்கும் இந்தச் சின்ன யோசனை, எத்தனை பெரிய இடங்களுக்குப் போயிருக்கிறது! 1878ல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையின் பாதையில் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே நூல்களைக் கட்டினார். குதிரை நூலை அறுத்துக்கொண்டு ஓட ஓட, கேமராக்கள் வரிசையாக இயங்கின. குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையைவிட்டு எழுகின்றன என்பது உலகத்துக்குப் படமாகத் தெரிந்தது அப்போதுதான். 1906ல் சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்துக்குப் பிறகு ஜார்ஜ் லாரன்ஸ் செய்ததைக் கேட்டால் வாயைப் பிளப்பீர்கள். 17 பட்டங்களை ஒன்றாகக் கட்டி, இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள கேமராவைச் சுமார் 2,000 அடி உயரத்துக்குத் தூக்கினார். ஷட்டரை எப்படி இயக்கினார்? பட்டத்தின் கயிறு வழியாகவே மின்சாரத்தை அனுப்பி! அரை கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஒயர் ரிமோட்! இடிந்து கிடந்த நகரம் முழுவதும் ஒரே படத்தில்.

நம் பக்கம் வாருங்கள். 1920களில் இன்றைய உத்தராகண்ட் காடுகளில் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி வைத்தார். இருட்டில் புலி கம்பியை இடற, ஃபிளாஷ் வெடித்து, புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது! 1927ல் அந்தப் படங்கள் புத்தகமாகவே வந்தன. சென்னையிலோ நம் மா. கிருஷ்ணன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். கடைக் கேமரா தனக்குப் போதாது என்று, வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவைக் கட்டிக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். கருப்பு வெள்ளையில் யானைகளை அவர் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். கேமராவைத் திறந்து மாற்ற அஞ்சாத கை எதையெல்லாம் பிடிக்கும் என்பதற்கு அவைதான் சாட்சி.

2018 புலிக் கணக்கெடுப்பில் இந்தியா 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்களை வைத்தது. அவை எடுத்த படங்கள் சுமார் 3 கோடியே 48 லட்சம்! அதில் புலி விழுந்தவை 76,651. கின்னஸ் சாதனை. ஒவ்வொரு கேமராவையும் இயக்கியது மனித விரலே அல்ல, குறுக்கே நடந்த மிருகம். சிங்கப்பூரும் சளைத்ததில்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேல் கண்ணில் படாமல், இங்கே அழிந்தே போயிற்று என்று கருதப்பட்ட பெரிய சருகுமான், 2008ல் புலாவ் உபினில் மீண்டும் கண்டறியப்பட்டது. தானியங்கிக் கேமராக்கள் அதைப் படமும் பிடித்தன! மனிதர் நின்றிருந்தால் அது தலையைக் காட்டியிருக்குமா?

கேலாங்வாசிகள் உபின் வரை போக வேண்டாம். காலாங் ஆற்றங்கரையில் நீர்நாய்க் குடும்பங்கள் தென்படுகின்றன. தண்ணீர் மட்டத்துக்குக் கேமராவைத் தாழ்த்தி வைத்துவிட்டு, பின்னால் தள்ளி நின்று ரிமோட்டால் எடுத்தால், மீனைக் கடிக்கும் பல் வரிசை வரை தெரியும். நெருங்காதீர்கள், உணவு போடாதீர்கள். குட்டிகள் இருந்தால் இன்னும் தள்ளியே நில்லுங்கள்.

மின்னலா? ஆண்டில் ஏறக்குறைய 170 நாள் இடி இடிக்கும் ஊர் இது! ரேடியோ ரிசீவரைக் கழற்றிவிட்டு, அதே ஆப்டோகப்ளரின் முன்னால் வெளிச்சம் உணரும் ஒரு சென்சரை வைத்தால், மின்னலே தன் படத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் மின்னல் அதற்குள் முடிந்திருக்காதா? முடிந்திருக்காது! நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் மின்னலில் பெரும்பாலும் மூன்று, நான்கு வீச்சுகள் அடுத்தடுத்து இறங்குகின்றன. முதல் வீச்சு கேமராவை எழுப்பும், அடுத்த வீச்சு படத்தில் விழும். கேமராவை அடுக்குமாடி வீட்டின் ஜன்னலுக்கு உள்ளேயே வையுங்கள், நீங்களும் உள்ளேயே இருங்கள்.

நட்சத்திரப் படம் மட்டும் கேலாங்கில் கைகூடாது. 2016ல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தின்படி, சிங்கப்பூரில் வாழும் எல்லோர் தலைக்கு மேலும் உள்ள வானம், கண் இருட்டுக்கு முழுதாகப் பழகவே முடியாத அளவு வெளிச்சமானது. ஆனால் தேசிய தின வாணவேடிக்கைக்கு அந்தக் குறையே தெரியாது. கேமராவை ‘பல்ப்’ நிலையில் வைத்து, வாணம் மேலேறும்போது ரிமோட்டை அமுக்கி, பூ விரிந்து உதிரும்வரை பிடித்திருந்து விடுங்கள். ஒரு தடவை அமுக்கினால் திறந்து, மறுபடி அமுக்கினால் மூடும் வகை ரிசீவர் பலகையும் கிடைக்கும்; விரல் வலிக்காது. 310 மீட்டர் அகலத்துக்கு நடுவில் தூணே இல்லாமல் நிற்கும் தேசிய விளையாட்டரங்கக் கூரையையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தால், அந்த வருஷத்துக்கு அதுதான் உங்கள் படம்.

சில எச்சரிக்கைகளை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 2.5 மில்லிமீட்டர் பின்னில் இரண்டே துண்டு உள்ள ரகத்தை வாங்கிச் செருகிவிடாதீர்கள். அது நடு வளையத்தையும் அடியையும் நிரந்தரமாகச் சேர்த்துவிடும். கேமரா விடிய விடியப் பாதி அமுக்கிய நிலையிலேயே விழித்திருந்து பேட்டரியைத் தீர்க்கும். வெளி மின்சாரம் எதையும் கேமராக் கம்பியில் நேராகத் தொடவிடாதீர்கள். இங்கே விற்கும், பயன்படுத்தும் ரேடியோ சாதனங்களுக்கு அலைவரிசை, திறன் இரண்டுக்கும் விதி உண்டு. அதற்கு உட்பட்டதையே வாங்குங்கள். ஆளுக்குத் தெரியாமல் அந்தரங்கப் படம் எடுப்பது 2020 முதல் இங்கே தனிக் குற்றமாகவே தண்டிக்கப்படுகிறது. லோரோங்குகளில் நடப்பவர்களும் மனிதர்கள், அவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேட்டரிப் பெட்டியும் ஒயரும் ஆண்டெனாவும் தொங்கும் ஒரு பொருளை மேம்பாலத்திலோ எம்ஆர்டி வாசலிலோ தனியாக விட்டுவிட்டு நகராதீர்கள். பார்ப்பவர் போலீஸைத்தான் கூப்பிடுவார், கூப்பிடவும் வேண்டும். கேமரா எப்போதும் உங்கள் கண் பார்வையில் இருக்கட்டும். செய்த வேலையை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடக்கி மூடுங்கள். வீட்டு அலமாரியில் பொத்தான் உடைந்த ஒயர் ரிமோட் ஏதும் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்: பொத்தான்தான் உடைந்திருக்கும், உங்களுக்கு வேண்டிய பின்னும் மூன்று ஒயரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.